கழுவித் துடைத்த தொட்டி

துணியில் கிழிசல் இல்லை. பம்பு நன்றாக இழுத்தது. பாறை மாவின் நைசு சரியாக இருந்தது, அமிலத்தின் வலு சரியாக இருந்தது, தொட்டியின் சூடும் சரியாகவே இருந்தது. ஆனாலும் வடிகட்டியில் அமிலம் இறங்கவில்லை. துணியின் மேல் சாம்பல் நிறக் கூழ், மழை விட்ட பிறகு தோட்டத்துப் பாதையில் நிற்கும் குட்டையைப் போல அசையாமல் கிடந்தது.

அம்சவள்ளி காலையிலிருந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொழிற்சாலையின் ஆய்வகம் அவள் பொறுப்பு. கலும்பாங்கில் தோட்டத்து வீட்டில் பிறந்து, பாலிடெக்னிக்கில் வேதியியல் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவள். எது எப்படி நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

ஈஜோக்கிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைகளுக்கு நடுவே இருந்தது அந்த உரத் தொழிற்சாலை. அங்கே நடக்கும் வேலை, சொல்லப்போனால், ஒரு முடிச்சை அவிழ்க்கும் வேலைதான். கப்பலில் வரும் பாஸ்பேட் பாறையில் பயிருக்கு வேண்டிய பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது. ஆனால் அது சுண்ணாம்புச் சத்தோடு இறுகக் கட்டிக்கொண்டு கிடக்கிறது. பாறையை மாவாக்கி அப்படியே மண்ணில் போட்டால் மெல்ல மெல்லத்தான் கரையும். செம்பனை அதுவரை காத்திருக்கும். தஞ்சோங் காராங் வயலில் நெல் காத்திருக்காது. அதனால் மாவைத் தொட்டியில் போட்டுக் கந்தக அமிலத்தை ஊற்றுவார்கள். கந்தக அமிலம் சுண்ணாம்புச் சத்தைத் தன் பக்கம் இழுத்து, ஜிப்சம் என்ற வெள்ளைத் தூளாக மாறிவிடும். விடுதலையான பாஸ்பரஸ், பாஸ்பாரிக் அமிலமாகத் திரவத்தில் நிற்கும். தூளும் திரவமும் கலந்ததுதான் அந்தக் கூழ். அதை வடிகட்டி அமிலத்தைத் தனியே எடுத்து, மறுபடி பாறை மாவில் ஊற்றினால் நெல் உடனே உறிஞ்சக்கூடிய உரம் கிடைத்துவிடும்.

ஆகவே எல்லாமே வடிகட்டுவதில்தான் இருக்கிறது. வடிகட்டி என்பது மெதுவாகச் சுற்றும் வட்டமான பெரிய மேசை. மேலே துணி விரித்திருக்கும். அடியிலிருந்து பம்பு உறிஞ்சும். கூழை ஒரு பக்கம் ஊற்றினால், மேசை ஒரு சுற்று வருவதற்குள் அமிலம் கீழே இறங்கி, ஜிப்சம் மட்டும் அடையாகத் துணிமேல் நிற்கும். அதைச் சுரண்டித் தள்ளி, கொல்லைப்புறக் குவியலில் கொட்டுவார்கள். தொழிலாளர்கள் அந்த மேசைக்கு வைத்த பெயர் தோசைக்கல்லு.

"தோச வேகல," என்றார் சேது, பக்கத்தில் வந்து நின்று. வடிகட்டிப் பிரிவின் ஃபோர்மன் அவர். "மாவாவே நிக்குது."

"துணிய மாத்திப் பாத்தாச்சாண்ணே?"

"புதுத் துணி தங்கச்சி. நேத்துதான் போட்டேன். போன வருசமும் இப்படித்தான் மாத்தினேன். அதுக்கு முந்துன வருசமும்." சேது குரலைத் தாழ்த்தினார். "பூச முடிஞ்சாவே இது வந்துருதுலா."

அதுதான் விசித்திரம். ஆண்டு முழுவதும் தோசைக்கல்லு ஒழுங்காக ஓடும். ஆயுத பூசைக்கு நிறுத்தி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் ஓடவிட்டால் அடைத்துக்கொள்ளும். சில நாள் இழுபறிக்குப் பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே சரியாகிவிடும். யாரும் எதுவும் செய்யவில்லை என்பது அம்சவள்ளியின் கணக்கு. சேதுவின் கணக்கு வேறு. அவர் வெள்ளைப் பூசணி உடைத்து எலுமிச்சம்பழம் நறுக்கியதால்தான் சரியானது. இந்த ஆண்டு பூசணியும் உடைத்தாகிவிட்டது. சரியாகவில்லை. முந்திய இரண்டு ஆண்டுகளைவிட இது மோசமாகவே இருந்தது.

மேனேஜர் நடராஜா வந்தபோது சேது பூசணியின் மிச்சத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினார். நடராஜாவின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. மூன்று நாளைக்கு முன் இதே மேசையின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றவர்தான் அவர்.

"சேது, வாசல்ல தஞ்சோங் காராங் லோரி நிக்குது. என்ன சொல்லி அனுப்பட்டும்?"

"நாளைக்கு வரச் சொல்லுங்க சார்."

"நேத்தும் அதத்தான் சொன்னீங்க." நடராஜா தேங்கிய கூழைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "சாமிக்கு நான் எதிரி இல்ல. ஆனா மூணு வருசம் தொடர்ந்து ஒரே கத. சனிக்கிழமை கூட்டத்துல சொல்லிடப் போறேன். அடுத்த வருசத்துலேருந்து மெஷின நிறுத்திப் பூச கெடையாது. வெளக்கு ஏத்தணும்னா கேண்டீன்ல ஏத்திக்குங்க."

சேதுவின் முகம் சுருங்கிவிட்டது. இந்தத் தொழிற்சாலையில் பூசையை ஆரம்பித்தவர் அவர். அப்பா ரப்பர்த் தோட்டத்தில் வருடத்துக்கு ஒரு நாள் பால்கத்தியைக் கழுவிக் கும்பிட்டவர். மகன் தோசைக்கல்லைக் கும்பிட்டார். கேண்டீனில் விளக்கு என்றால், அங்கே கும்பிடுவதற்கு இருப்பது அதை நடத்தும் வேலம்மாவின் கொத்து ரொட்டிக் கல் ஒன்றுதான்.

"சார்," என்றாள் அம்சவள்ளி, "சனிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க. ஏன்னு கண்டுபிடிச்சிடறேன்."

"கண்டுபிடிச்சா பூசைய விட்டுக் குடுக்கத் தயார். சந்தோசமாவே விட்டுக் குடுப்பேன்," என்றார் நடராஜா. தான் சொன்னது தலைகீழாக வந்துவிட்டதை உணர்ந்து, "பூசைக்கு விட்டுக் குடுப்பேன்னு சொல்றேன்," என்று திருத்திக்கொண்டு போனார்.

அம்சவள்ளிக்கு முதலில் சந்தேகம் வந்தது பூசைச் சாமான்கள்மேல்தான். தொட்டியின் விளிம்பில் சந்தனம், திருநீறு, குங்குமம். அவற்றில் ஏதோ ஒன்று கூழில் விழுந்து கெடுக்கிறதோ? ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை வாங்கிவர கேண்டீனுக்குப் போனாள்.

"திருநூத்தையே டெஸ்ட் பண்ணப் போறியா?" அங்கே உட்கார்ந்திருந்த சேது வாயைப் பிளந்தார். "அது பாஸாவுதா ஃபெயிலாவுதான்னு பாப்பியா?"

"ஏன், நீ மட்டும் வருசா வருசம் சாமியவே டெஸ்ட் பண்ற?" என்றார் கேண்டீன் வேலம்மா, தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே. "பூசணி ஒடச்சா ஓடுதா, எலுமிச்ச வெட்டுனா ஓடுதான்னு. அந்தப் புள்ள கண்ணாடிக் குவளையில செய்யுது, நீ பூசணியில செய்யுற. அவ்ளோதான் வித்தியாசம். இந்தா தங்கம், குங்குமம். எங்கிட்ட இருக்கறது கலப்படம் இல்ல, சொல்லிப்புட்டேன்."

ஆய்வகத்தில் அம்சவள்ளி தொழிற்சாலையையே சிறிதாக்கிச் செய்தாள். குவளைதான் தொட்டி, அதே மாவு, அதே அமிலம், அதே சூடு. ஒரு மணி நேரம் கலக்கி, துணி போட்ட புனலில் ஊற்றி உறிஞ்சவிட்டாள். திருநீறு போட்டது மெதுவாக இறங்கியது. "சாமி அகப்பட்டுக்கிட்டார்!" என்றார் கதவோரம் நின்ற சேது, வருத்தமும் பயமுமாக. ஆனால் சந்தனம் போட்டதும் மெதுவாகத்தான் இறங்கியது. குங்குமமும் அப்படியே. கடைசியில் எதுவுமே போடாத குவளை. அதுவும் மெதுவாகத்தான் இறங்கியது.

"அப்ப சாமி நிரபராதி," என்றார் சேது, நிம்மதியாக.

அம்சவள்ளிக்கு நிம்மதி இல்லை. எதுவும் போடாத குவளை ஏன் மெதுவாக இறங்க வேண்டும்? யோசித்துப் பார்த்தால், அவளுடைய ஆய்வகத்தில் என்றைக்குமே கூழ் மெதுவாகத்தான் வடிந்திருக்கிறது. சின்னப் புனல், சின்னப் பம்பு, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். தோசைக்கல்லுக்கு இரண்டு நாளாக வந்திருக்கும் நோய், அவள் குவளைகளுக்கு மூன்று வருடமாக இருந்திருக்கிறது.

எல்லாவற்றையும் ஒருமுறை திருப்பிச் செய்து பார்க்கலாம் என்று நினைத்தாள். மதியம் தாண்டிவிட்டது, பசி வேறு. குவளைகளைக் கழுவச் சோம்பல். இரண்டைத்தான் கழுவினாள். மூன்றாவதன் அடியில் பழைய கூழ் ஒரு விரல் உயரத்துக்கு நின்றது. அதே மாவுதானே, அதே அமிலம்தானே என்று அதன் மேலேயே புதிதாகப் போட்டுக் கலக்கவிட்டு, சாப்பிடப் போனாள்.

திரும்பி வந்து புனலில் ஊற்றினாள். கழுவிய குவளைகள் இரண்டும் வழக்கம்போல முனகின. கழுவாத குவளை குறிப்பிடும்படி விரைவாக இறங்கியது.

அவள் உட்காரவே இல்லை. வடிந்த அடையை வழித்து அதே கழுவாத குவளையில் போட்டு, மறுபடி புது மாவும் அமிலமும் சேர்த்துச் செய்தாள். இன்னும் விரைவாக இறங்கியது. மூன்றாம் தடவை, புனல் 'கர்ர்' என்று காற்றையே உறிஞ்சத் தொடங்கிவிட்டது. மேலே அடை காய்ந்து வெடித்து நின்றது.

ஆய்வகத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. இயந்திரங்களோடு பெட்டியில் வந்தது. யாரும் அதிகம் தொட்டதில்லை. கழுவிய குவளையின் ஜிப்சத்தை அதன் கீழ் வைத்துப் பார்த்தாள். ஊசிகள். குட்டி குட்டியாக, வைக்கோல் போர் சரிந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. கழுவாத குவளையினுடையதை வைத்தாள். ஊசிகள் குறைவு, அகலமான, தடித்த படிகங்கள், கற்கண்டை உடைத்துப் போட்டதுபோல. பிறகு கொல்லைப்புறம் ஓடி, போன மாதம் கொட்டிய குவியலின் உள்ளிருந்து ஒரு பிடி எடுத்து வந்து பார்த்தாள். அத்தனையும் கற்கண்டு.

"சேதுண்ணே! ஓடி வாங்க!"

சேது ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். அப்புறம் மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். "ரெண்டும் ஒரே சாமானா?"

"ரெண்டும் ஜிப்சம்தான். மணல்ல தண்ணி ஊத்துனா சர்ருனு எறங்கும். மாவுல ஊத்துனா?"

"நிக்கும்."

"அதேதாண்ணே. பெரிய பெரிய கல்லா இருந்தா நடுவுல சந்து இருக்கும், அமிலம் எறங்கிரும். ஊசி ஊசியா இருந்தா சந்த அடச்சிக்கும். துணி நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல படுத்திருக்கறதுதான் வழிய மறிக்குது."

"சரி, ஏன் ஊசியா வருது?"

அவளுக்கு அதைச் சொல்லத்தான் ஆசை. நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தோட்டத்துக்குப் புதுசா ஆள் வர்றாங்கன்னு வச்சிக்குங்க. லயம் இருந்தா, வரிசையா வீடு கட்டி வச்சிருந்தா, என்ன செய்வாங்க?"

"லயத்துல குடியேறுவாங்க."

"லயமே இல்லன்னா?"

"ஆளாளுக்குக் குடிச போட்டுக்குவாங்க."

"ஜிப்சமும் அப்படித்தான். தொட்டியில பழைய ஜிப்சம் இருந்தா, புதுசா உண்டாவறது அது மேலயே ஒட்டி ஒட்டி அதப் பெருசாக்கும். பழசு ஒண்ணுமே இல்லன்னா ஒதுங்க எடம் இல்லாம, தனித்தனியா லட்சக்கணக்குல குட்டி ஊசியா பொறக்கும். நாள் போவப் போவ, தொட்டியிலயே கொஞ்சம் கொஞ்சமா லயம் கட்டிக்கும். அதான் தானா சரியாயிருது. பூசைக்குத் தொட்டிய எப்படிக் கழுவுனீங்க?"

சேது நிமிர்ந்தார். இது அவர் பெருமைப்படும் விஷயம். "மொத வருசம் ஹோஸ் போட்டு அடிச்சோம். போன வருசம் தேச்சோம். இந்த வருசம் நானே உள்ள எறங்கி, செவுத்துல ஒட்டியிருந்த பொருக்கையெல்லாம் சொரண்டி, தேங்கா மட்ட போட்டுத் தேச்சேன். உள்ள எல போட்டுச் சாப்பிடலாம். அப்படி..." பாதியில் நிறுத்திவிட்டார். வருடா வருடம் கழுவல் கூடியது. வருடா வருடம் அடைப்பும் கூடியது.

"போன வருசமும் கோளாறுன்னு, இன்னும் சுத்தமாக் கழுவணும்னு நெனச்சேன் தங்கச்சி," என்றார் மெல்ல.

"கூழக் கிண்டுற கலக்கி ஒடஞ்சப்பவும் தொட்டியக் காலி பண்ணுனோமே, அப்ப அடைக்கலியே? அதுக்கு என்ன சொல்றீங்க?" அவள் கேட்டாள். தான் சொல்வதில் ஓட்டை இருக்கிறதா என்று அவளே தட்டிப் பார்த்தாள்.

"அப்ப பழைய கூழ பக்கத்துத் தொட்டியில வச்சிருந்து திருப்பி ஊத்துனோம்லா. பூசைக்குத்தான் பழசு மிச்சம் இருக்கக் கூடாதுன்னு கடைசிச் சொட்டு வரைக்கும் வடிச்சுத் தள்ளிடுவேன்."

அம்சவள்ளி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"அப்ப இப்பவே செஞ்சிருவோம்," என்றாள் அம்சவள்ளி. "கொல்லையில இருக்கற குவியல்லேருந்து பழைய ஜிப்சத்த எடுத்துத் தொட்டியில போடுவோம்."

சேது பின்வாங்கினார். "கழுவிப் பொட்டு வச்ச தொட்டியிலயா? குப்பையவா? மூணு நாளுதான் ஆவுது. என்ன தங்கச்சி இது?"

பதில் சொன்னது காலித் தட்டு எடுக்க வந்த வேலம்மா. "ஏன் சேது, குளிக்கறப்ப அழுக்கத் தேச்சு எடுப்பியா, தோலையும் சேத்து உரிச்சு எடுப்பியா?"

"அழுக்கத்தான்."

"நீ தொட்டிக்குத் தோல உரிச்சுட்ட. அது எரியுதுன்னு கத்துது. போயி தோலக் குடுத்துட்டு வா."

சேது கையுறையை மாட்டினார்.

நடராஜாவிடம் அனுமதி வாங்குவது எளிதாகவே முடிந்தது. "போட்டா இன்னும் மோசமாகுமா?" என்று கேட்டார். "இத விட மோசமாவ என்ன சார் இருக்கு?" என்றார் சேது. நடராஜா யோசித்து, "அதுவும் நியாயம்தான்," என்றார்.

தொட்டியிலிருந்த ஊசிக் கூழில் பாதிக்கு மேல் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றினார்கள். கைவண்டி கைவண்டியாகப் பழைய ஜிப்சத்தைக் கொண்டுவந்து, நீர்த்த அமிலத்தில் கரைத்துக் கட்டியில்லாத கூழாக்கித் தொட்டியில் விட்டார்கள். கலக்கி சுற்றத் தொடங்கியதும் மாவையும் கந்தக அமிலத்தையும் வழக்கமான வேகத்தில் ஊற்றினார்கள். முதல் கைவண்டியைக் கொட்டும் முன்னால் சேது தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மன்னிப்பா, வேண்டுதலா என்று யாரும் கேட்கவில்லை.

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. படிகம் வளர நேரம் வேண்டும். அந்த மாலை முழுவதும் தோசைக்கல்லு கொஞ்சம் இறங்கியது, கொஞ்சம் தேங்கியது. அம்சவள்ளி கூழை எடுத்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஊசி குறைந்துகொண்டு வந்தது. மறுநாள் காலை அவள் வாசலில் நுழையும்போதே பம்பின் சத்தம் மாறியிருந்தது. திணறல் போய், 'கர்ர்' என்று காற்றை இழுக்கும் சத்தம். மேசையின் மேல் அடை காய்ந்து வெடித்து, சுரண்டியில் பட்டதும் தகடு தகடாக விழுந்தது.

"தோச முறுகிப்போச்சு!" என்று கத்தினார் சேது.

பக்கத்துத் தொட்டியில் வைத்த ஊசிக் கூழையும் வீணாக்கவில்லை; கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து ஓட்டிவிட்டார்கள். தஞ்சோங் காராங் லோரி அடுத்த முறை வந்தபோது வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. வேலம்மாவின் ரொட்டி இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, உர மூட்டைகளோடு கிளம்பியது.

சனிக்கிழமை கூட்டத்தில் நடராஜா தொண்டையைக் கனைத்தார். "அடுத்த வருசம் பூச உண்டு. மெஷினும் நிக்கும். எப்படிக் கழுவணும்னு சேது சொல்லுவாரு."

சேது எழுந்து நின்றார். எல்லாரும் அவரைப் பார்த்ததும் வெட்கம் வந்துவிட்டது. "நல்லாக் கழுவுங்க," என்று ஆரம்பித்து, அம்சவள்ளியைப் பார்த்து, "ஆனா ரொம்ப நல்லாக் கழுவாதீங்க," என்று முடித்துவிட்டார். சிரிப்பு அடங்கியதும் அவளே எழுந்து முழுதாகச் சொல்ல வேண்டியிருந்தது. லயத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நடராஜா கடிகாரத்தைப் பார்த்த பிறகும் சொன்னாள்.

மறு ஆண்டு ஆயுத பூசைக்குத் தொட்டியும் தோசைக்கல்லும் பளபளத்தன. பக்கத்துத் தொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார் சேது. அதனுள்ளே கலக்கி சுற்றிக்கொண்டே இருந்தது. பூசை முடிந்து மறுநாள் காலை, முதல் சுற்றிலேயே அமிலம் இறங்கியது. செய்தது இவ்வளவுதான்: கழுவுவதற்கு முன்பு பழைய கூழில் கால் பங்கைப் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றி, படியாமல் கலக்கிக்கொண்டே வைத்திருந்தார்கள், பூசை முடிந்ததும் முதலில் அந்தப் பழைய கூழைத் திருப்பி ஊற்றி, அதற்குப் பிறகே புது மாவையும் கந்தக அமிலத்தையும் விட்டார்கள்.